ஹைட்டி: மண்ணில் உழைப்போர் ‘வெளியே உள்ளோர்’ ஆக்கப்பட்ட வரலாறு

வெட்டிவேர் என்பது தமிழ்ச் சொல். பிரெஞ்சு மொழி அச்சொல்லை நம்மிடமிருந்து பெற்றது. பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் அது பரவியது. நம் ஊர்களில் பானைத் தண்ணீரில் இடவும் தட்டி பின்னவும் பயன்படும் இந்த வேர், உலக நறுமணத் தொழிலின் முதன்மையான மூலப்பொருள்களில் ஒன்றாகும். உலகச் சந்தைக்கு வரும் வெட்டிவேர் எண்ணெயில் ஏறக்குறையப் பாதியைத் தருவது கரீபியக் கடலிலுள்ள ஹைட்டி. அந்நாட்டின் தென்பகுதியில், லெ காய் நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பல்லாயிரம் சிற்றுழவர் குடும்பங்கள் இதைப் பயிரிட்டு வாழ்கின்றன.

வேர் நன்கு முதிர 12 முதல் 18 மாதங்கள் ஆகும். ஒரு கிலோ எண்ணெய் வடிக்க நூறு கிலோவுக்கும் மேற்பட்ட வேர் தேவை. பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ, மருத்துவச் செலவோ, வீட்டில் ஓர் இறப்போ நேர்ந்தால் அக்குடும்பங்கள் முதிராத வேரைத் தோண்டி விற்றுவிடுகின்றன. விலை குறைகிறது, தோண்டப்பட்ட சரிவிலிருந்து மேல்மண் மழையில் கரைந்து போகிறது. மண்ணரிப்பைத் தடுக்கும் புல் என்று 1980களில் உலக வங்கி இந்தியாவில் பரப்பிய அதே வெட்டிவேர், ஹைட்டியில் மண்ணரிப்புக்குக் காரணமாகிறது. வேரின் மணம் விலையுயர்ந்த வாசனைத் திரவியங்களாகப் பாரிசிலும் நியூயார்க்கிலும் விற்பனையாகிறது.

‘மேற்கு அரைக்கோளத்தின் மிக வறிய நாடு’ என்றே ஊடகங்கள் ஹைட்டியை அறிமுகம் செய்கின்றன. மக்கள்தொகைப் பெருக்கம், மரம் வெட்டுதல், நிலநடுக்கம், புயல் ஆகியவை அவ்வறுமைக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அந்நாட்டின் தொழில் வரலாற்றையும் நில வரலாற்றையும் சேர்த்துப் படிக்கும்போது வேறொரு காரணம் தெளிவாகிறது. கரும்புத் தோட்டம், ரப்பர், பாக்சைட், அணை, ஆயத்த ஆடை எனப் பெயர் மாறினாலும், வளர்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் உழவர் உழுது வந்த நிலத்தின் மீதே எழுந்தன. அந்நிலத்துக்கு அவர்களிடம் பட்டா இல்லை. முடிவெடுத்த இடத்தில் அவர்கள் இல்லை. இவ்வரலாற்றின் முக்கியக் கட்டங்களை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

நாடும் மக்களும்

ஹிஸ்பானியோலா தீவின் மேற்கு மூன்றிலொரு பங்கு ஹைட்டி. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. ஹைட்டியின் பரப்பு 27,750 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மக்கள்தொகை 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். நாட்டின் பெரும்பகுதி மலை. சமவெளிகள் சிலவே: வடக்குச் சமவெளி, அர்த்திபோனித் ஆற்றுப் பள்ளத்தாக்கு, தலைநகர் போர்ட் ஓ பிரின்சை ஒட்டிய குல்-தெ-சாக் சமவெளி, லெ காய் சமவெளி. பெருந்திட்டங்கள் மீண்டும் மீண்டும் இச்சமவெளிகளையே நாடி வந்தன.

நகரத்து மேல்தட்டினர் கிராமத்து மக்களைக் குறிக்கக் கிரெயோல் மொழியில் ஒரு சொல் உண்டு: ‘மூன் அந்தெயோ’. ‘வெளியே உள்ள மனிதர்கள்’ என்பது அதன் பொருள். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைக்கப்பட்ட நிலத்தில் வாழும் நமக்கு இச்சொல்லின் எடையை விளக்க வேண்டியதில்லை. கிராமத்தில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழில் ‘உழவர்’ என்று தனியே குறிக்கும் வழக்கம் 1990களின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஒருவர் எங்குச் சென்றாலும் அவருடைய பிறப்பை அத்தாள் காட்டிக்கொடுத்தது. மக்கள் அனைவரும் பேசும் கிரெயோல் மொழி, 1987ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின்படியே பிரெஞ்சுக்கு நிகரான ஆட்சிமொழியானது. அதுவரை நீதிமன்றமும் நிலப் பத்திரமும் பெரும்பான்மையோருக்குப் புரியாத மொழியில் இயங்கின.

தோட்டத்திலிருந்து சிறுநிலத்துக்கு

பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்தபோது இப்பகுதியின் பெயர் சான்-டொமிங். 1780களில் உலகிலேயே மிகுந்த சர்க்கரையையும் காப்பியையும் விளைவித்தது இதுவே. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்தம் வழிவந்தோருமாக ஏறக்குறைய 5 லட்சம் பேர் அங்கு அடிமைகளாக உழைத்தனர். 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பதின்மூன்று ஆண்டுப் போருக்குப் பின், 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி விடுதலை பெற்றது. அடிமைகளே எழுந்து அடிமைமுறையை ஒழித்து அமைத்த அரசு என்ற வகையில் உலக வரலாற்றில் அதற்கு இணை இல்லை. வெள்ளையர் எவரும் எஜமானராகவோ நில உடைமையாளராகவோ அந்நாட்டில் காலடி வைக்கலாகாது என 1805ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அறிவித்தது.

விடுதலை பெற்றவர்கள் வேண்டியது சொந்த நிலம். ஆள்வோர் வேண்டியது ஏற்றுமதி வருவாய் தரும் தோட்டம். புரட்சித் தலைவர் டூசான் லூவெர்ச்சூரே உழைப்பாளர்களைத் தோட்டங்களுக்குத் திருப்பியனுப்பும் ஆணைகளைப் பிறப்பித்தார். 1826இல் குடியரசுத் தலைவர் போயே கொண்டுவந்த ‘கிராமச் சட்டத் தொகுப்பு’, உழவர் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு அகலக்கூடாது என்றது. மக்கள் இதற்குக் கீழ்ப்படியவில்லை. மலைகளுக்குள் சென்று சிறுநிலங்களை உருவாக்கிக்கொண்டனர். உறவினர் பலர் ஒரே முற்றத்தைச் சுற்றி வீடமைத்து, நிலத்தையும் முன்னோர் கல்லறைகளையும் பொதுவில் காத்த ‘லாக்கூ’ முறை வளர்ந்தது. ஒருவர் வயலில் ஊரே கூடிக் கூலியின்றி முறைவைத்து உழைக்கும் ‘கொன்பித்’ வழக்கமும் நிலைபெற்றது. காப்பி, வாழை, மரவள்ளி, பயறு, பழமரங்கள் யாவும் கலந்த தோட்டங்களே அவர்களின் பொருளாதாரம்.

அந்நிலங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிவு செய்யப்பட்ட பத்திரம் இல்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அக்கம்பக்கத்தாரின் சாட்சியமுமே உரிமைக்குச் சான்று. நாடு முழுவதற்குமான முறையான நில அளவைப் பதிவேடு இன்றுவரை முழுமை பெறவில்லை. பின்னர் வந்த ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் இந்த இடைவெளியே வழிவிட்டது.

காப்பி உழவர் கட்டிய அபராதம்

1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ், போர்க்கப்பல்களை அனுப்பி ஓர் ஆணையை ஹைட்டியிடம் நீட்டினார். பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் இழந்த ‘சொத்துக்கு’ இழப்பீடாக 15 கோடி பிராங்க் தர வேண்டும். தந்தால் விடுதலையை ஏற்போம் என்றது அவ்வாணை. இழந்த சொத்தின் மதிப்பில் அடிமைகளாயிருந்த மனிதர்களின் விலையும் அடங்கியிருந்தது. 1838இல் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. முதல் தவணையைக் கட்டவே பிரெஞ்சு வங்கிகளிடம் 3 கோடி பிராங்க் கடன் வாங்க நேர்ந்தது. இதை ‘இரட்டைக் கடன்’ என்று வரலாற்றாசிரியர்கள் அழைக்கின்றனர். அதன் தொடர்ச்சியான கடன்கள் 1947 வரை நீடித்தன.

இக்கடனைக் கட்டியவர் யார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அரசின் வருவாய் பெரும்பாலும் சுங்கவரி. அதிலும் முதன்மையானது காப்பி ஏற்றுமதி வரி. மலைச்சரிவில் காப்பி பறித்த உழவரே பல தலைமுறைகளாக இக்கடனைச் சுமந்தனர். அடிமைப்படுத்தியவருக்கு அடிமைப்பட்டவர் இழப்பீடு தந்தார். சாலை, பள்ளி, பாசனம் ஆகியவற்றுக்குச் சென்றிருக்க வேண்டிய பணம் பாரிசுக்குச் சென்றது. 2003இல் குடியரசுத் தலைவர் அரிஸ்தீத் இத்தொகையைத் திருப்பித் தருமாறு பிரான்சிடம் கோரினார். அடுத்த ஆண்டே அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்; பணம் திரும்பவில்லை.

ஆக்கிரமிப்பும் தோட்டக் கம்பெனிகளும்

1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை நியூயார்க்குக்கு எடுத்துச் சென்றனர். 1915 ஜூலையில் தொடங்கிய அமெரிக்க ஆக்கிரமிப்பு 1934 வரை நீடித்தது. அயல்நாட்டார் நிலம் வாங்குவதற்கு இருந்த தடையை நீக்க ஹைட்டி நாடாளுமன்றம் மறுத்தபோது, 1917இல் அது கலைக்கப்பட்டது. 1918ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அத்தடையை நீக்கியது. பழைய சட்டமொன்றைத் தூசு தட்டி எடுத்து, சாலை போட உழவரைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் சென்றனர். கயிற்றில் பிணைக்கப்பட்டு அழைத்துச் செல்லப்பட்டவர்களுக்கு அடிமைமுறை திரும்பியதாகவே தோன்றியது. ‘காக்கோ’ எனப்பட்ட உழவர் படையினர் ஷார்லமாஞ் பெரால்த் தலைமையில் எதிர்த்துப் போரிட்டனர். 1919இல் அவர் கொல்லப்பட்டு, வடக்குச் சமவெளியில் அமெரிக்கப் படையினர் வைத்திருந்த ஷாபேர் முகாமில் புதைக்கப்பட்டார். இவ்வூர்ப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். மீண்டும் அது வரும்.

1929 டிசம்பர் 6 அன்று லெ காய் நகருக்கு அருகே மார்ஷத்தேரில், வரிச்சுமையை எதிர்த்துத் திரண்ட உழவர் மீது கடற்படை வீரர்கள் சுட்டனர். குறைந்தது 12 பேர் மாண்டனர். இன்று வெட்டிவேர் விளையும் அதே வட்டாரம் அது.

ஆக்கிரமிப்பு முடிந்த பின்னும் அதே போக்கு தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசிய ரப்பர் ஜப்பானின் கைக்குப் போனதும், அமெரிக்கக் கடனுதவியில் 1941இல் தொடங்கப்பட்ட ‘ஷாதா’ என்னும் ஹைட்டி-அமெரிக்க வேளாண் வளர்ச்சிக் கழகம் மாற்று ரப்பர் தேடியது. பால் வடியும் ஒரு கொடியைப் பயிரிட வளமான நிலங்கள் கைப்பற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, வீடுகள் இடிக்கப்பட்டன, பல தலைமுறைப் பழமரங்கள் வெட்டப்பட்டன. பயன்தரும் அளவுக்கு ரப்பர் கிடைக்கவில்லை. 1944இல் திட்டம் கைவிடப்பட்டது. வெட்டிய மரங்களை ஈடுசெய்ய எவரும் இல்லை.

பாக்சைட், அணை, தங்கம்

தென்பகுதி மிராகுவான் நகருக்கு மேலுள்ள மலையில் ரெய்னால்ட்ஸ் என்ற அமெரிக்க அலுமினிய நிறுவனம் 1950களிலிருந்து 1982 வரை பாக்சைட் தோண்டியது. தாது கப்பலேறி அமெரிக்காவில் அலுமினியமானது. ஹைட்டியில் உருக்காலை எழவில்லை. தாது வெட்டியெடுத்த கூலியும் ஏற்றுமதி மீதான சிறு வரியுமே அந்நாட்டுக்குக் கிடைத்தன. நிறுவனம் வெளியேறியபோது செம்மண் பள்ளங்களும் உப்பளம் போல் வெறிச்சோடிய சரிவுகளும் எஞ்சின.

1956இல் அர்த்திபோனித் ஆற்றின் குறுக்கே பெலீக்ர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மலையிடுக்கிலிருந்த வளமான ஆற்றுப் படுகை நீரில் மூழ்கியது. அங்கு வாழ்ந்தோர் சரிவான, மண் குறைந்த மேட்டுநிலங்களுக்கு ஏறினர். அணையின் நீர் கீழ்ப்பள்ளத்தாக்குக்கும் மின்சாரம் தலைநகருக்கும் சென்றன. அணைக்கு மேலே குடியேறியவர்கள் பிழைப்புக்காகச் சரிவுகளை உழுதபோது, அரித்து வந்த மண் அணையிலேயே படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்தது. இடம்பெயர்க்கப்பட்டவர்களின் வறுமை திட்டத்தையே திருப்பித் தாக்கியதற்கு இது ஒரு பாடம்.

வடக்கு மலைகளில் தங்கம் இருப்பது தெரிந்ததும், 2012 டிசம்பரில் மூன்று சுரங்க உரிமங்கள் வழங்கப்பட்டன. வெளிப்படையான விவாதம் நடக்கவில்லை எனக் கூறி, 2013 பிப்ரவரியில் செனட் அவை சுரங்கப் பணிகளை நிறுத்தி வைக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. புதிய சுரங்கச் சட்ட வரைவுக்கு உலக வங்கி உதவியபோது, பாதிக்கப்படவிருந்த சமூகங்களும் ‘சுரங்க நீதிக் கூட்டமைப்பும்’ 2015இல் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டன. முறையீடு நடைமுறைக் காரணங்களுக்காகப் பதிவு செய்யப்படவில்லை. ஆனாலும் பெருஞ்சுரங்கம் இதுவரை தொடங்கப்படவில்லை என்பதில் அம்மக்களின் விழிப்புக்குப் பங்குண்டு.

பன்றியும் அரிசியும்

நிலத்தைக் கைப்பற்றாமலேயே வாழ்வாதாரத்தை அழிக்க முடியும் என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்று.

முதலாவது, கரும்பன்றி. கழிவுகளையும் மாம்பழ உதிர்களையும் தின்று வளரும் கிரெயோல் பன்றி உழவர் குடும்பத்தின் சேமிப்பு வங்கியாக இருந்தது. பள்ளிக் கட்டணமும் திருமணச் செலவும் அதிலிருந்தே வந்தன. 1978இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீவில் பரவியது. அமெரிக்காவுக்கு நோய் பரவக்கூடும் என்ற அச்சத்தில், 1982 முதல் ஹைட்டியில் எஞ்சிய பன்றிகள் அனைத்தும் கொல்லப்பட்டன. மாற்றாக அமெரிக்காவிலிருந்து வந்த பன்றிகளுக்கு விலைக்கு வாங்கிய தீவனமும் கூரையும் சிமெண்ட் தரையும் வேண்டியிருந்தன. ‘நாலுகால் இளவரசர்கள்’ என்று உழவர் அவற்றைக் கேலி செய்தனர். சேமிப்பை இழந்த குடும்பங்கள் மரத்தை வெட்டிக் கரி சுட்டு விற்றன.

இரண்டாவது, அரிசி. 1980களின் தொடக்கம் வரை ஹைட்டி தன் அரிசித் தேவையைப் பெருமளவு தானே நிறைவு செய்துகொண்டது. அர்த்திபோனித் பள்ளத்தாக்கு அதன் நெற்களஞ்சியம். 1980களில் தொடங்கிய இறக்குமதித் தளர்வு, 1995இல் பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளின்படி அரிசிச் சுங்கவரி 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதில் முடிந்தது. அமெரிக்க அரசின் மானியம் பெற்ற அரிசி குவிந்தது. மக்கள் அதற்கு ‘மியாமி அரிசி’ என்று பெயரிட்டனர். இன்று அந்நாடு உண்ணும் அரிசியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இறக்குமதி. 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன் பேசிய முன்னாள் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன், இக்கொள்கை தம் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் சில உழவர்களுக்குப் பயன்பட்டிருக்கலாம், ஆனால் ஹைட்டி மக்களுக்கு உணவளிக்கும் திறனை அழித்தது என ஒப்புக்கொண்டு வருந்தினார். வருத்தத்துக்குப் பின்னும் இறக்குமதி குறையவில்லை.

மரம் வெட்டுவோர் மீதான பழி

ஹைட்டியில் காடு 2 விழுக்காடே எஞ்சியுள்ளது என்ற கூற்று பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள், மரங்கள் அடர்ந்த பரப்பு நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எனக் காட்டின. அடர்ந்த பழங்காடு அழிந்தது உண்மையே. ஆனால் உழவர் நட்டு வளர்க்கும் மா, பலா, காப்பி நிழல் மரங்கள், கரிக்காகவே வெட்டித் தழையவிடும் மரங்கள் ஆகியவை கணக்கில் வரவில்லை. அழிந்த காட்டின் கணக்கிலும் குடியேற்றக் காலத் தோட்டங்களும், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான மகோகனி, சாய மரங்களும் சேர்க்கப்பட வேண்டும். நகரங்களின் அடுப்பு இன்றும் கரியில்தான் எரிகிறது. அந்த அடுப்புக்கு மாற்று எரிபொருள் தராத அரசு, கரி சுடுபவரை மட்டும் குற்றவாளியாக்குவது நேர்மையன்று.

தொழிற்பேட்டையின் வாக்குறுதி

1970களில் ழான்-குளோது துவாலியேயின் சர்வாதிகார ஆட்சி, மலிவான கூலியை நாட்டின் முதன்மை வளமாக உலகுக்கு விளம்பரம் செய்தது. அமெரிக்காவின் தேசிய விளையாட்டான பேஸ்பாலுக்கு வேண்டிய பந்துகளைத் தைத்தவர்கள் ஹைட்டியப் பெண்கள். அவ்விளையாட்டு ஹைட்டியில் ஆடப்படுவதில்லை. அரசியல் கொந்தளிப்பு வந்ததும் அந்நிறுவனம் கோஸ்டாரிகாவுக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் ஆயத்த ஆடைத் தொழில் முதன்மை பெற்றது. அமெரிக்கச் சந்தையில் வரிச்சலுகை தரும் சட்டங்கள் 2006, 2008, 2010 ஆண்டுகளில் இயற்றப்பட்டன. ஆடைகளே இன்று ஏற்றுமதியில் பெரும்பங்கு. 2013இல் ‘ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்டியம்’ என்ற கண்காணிப்பு அமைப்பு நடத்திய ஆய்வு, தொழிலாளருக்குச் சட்டப்படி சேர வேண்டிய கூலியில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு திருடப்படுவதாகக் கண்டது.

2010 ஜனவரி 12 நிலநடுக்கம் தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தரைமட்டமாக்கியது. மறுகட்டுமானத்தின் அடையாளமாக முன்வைக்கப்பட்ட பெருந்திட்டம், நிலநடுக்கம் தொடாத வடக்கில் அமைந்தது. அதுவே கராகோல் தொழிற்பூங்கா. அமெரிக்க அரசு, அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி, ஹைட்டி அரசு ஆகிய மூன்றும் இணைந்து, தென்கொரிய ஆடை நிறுவனமொன்றை முதன்மைக் குத்தகையாளராகக் கொண்டு அதை நிறுவின. 2011 ஜனவரியில், நிலநடுக்கத்தின் முதலாண்டு நினைவு நாளையொட்டி, ஏறக்குறைய 250 ஹெக்டேர் நிலத்தில் வேலி போடப்பட்டது. பயறு, மக்காச்சோளம், வேர்க்கடலை விளைந்திருந்த வயல்களிலிருந்து 400 அளவிலான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. முறையான முன்னறிவிப்பு இல்லை. நிலம் அரசுக்குச் சொந்தமானது, ஆகவே அவர்கள் உரிமையாளர் அல்லர் என்று சொல்லப்பட்டது. அந்நிலத்தை உழவர் அழைக்கும் பெயர் ‘தே ஷாபே’, அதாவது ஷாபேர் நிலம். பெரால்த் புதைக்கப்பட்ட அதே ஷாபேர்.

60,000க்கும் மேற்பட்ட வேலைவாய்ப்புகள் உறுதியளிக்கப்பட்டன. உச்சத்தில் கிடைத்தவை அதில் நான்கில் ஒரு பங்கைச் சுற்றியே. வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்களின் கூலி அக்குடும்பங்களுக்குத் தேவையான வருவாய் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் நிலமிழந்த நடுவயதினருக்கும் முதியோருக்கும் தையல் எந்திரத்தில் இடமில்லை. பணமாகத் தரப்பட்ட இழப்பீடு சில ஆண்டுகளில் கரைந்தது.

2021 பிப்ரவரியில் மற்றொரு நிகழ்வு. மேட்டுச் சமவெளிப் பகுதியான சவான் தியானில் 8,600 ஹெக்டேர் நிலம், இனிப்புத் துளசியை ஏற்றுமதிக்காகப் பயிரிடும் மண்டலமாகக் குடியரசுத் தலைவர் மொயீசின் ஆணையால் அறிவிக்கப்பட்டது. ‘ஹைட்டியப் பெண்கள் ஒற்றுமை’ என்னும் அமைப்பு அரசிடமிருந்தே பெற்று, கிராமப் பெண்களுக்கு இயற்கை வேளாண்மை கற்பித்து வந்த நிலமும் அதில் அடங்கியது. ஆயுதம் ஏந்தியோர் வந்து அப்பெண்களை முன்னரே விரட்டியிருந்தனர். அரசு தந்த தாள்கூட அவர்களைக் காக்கவில்லை.

எல்லை கடந்த உழைப்பு

நிலத்தில் பிழைப்பு சுருங்கியபோது பல லட்சம் பேர் டொமினிக்கன் குடியரசின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். துவாலியே ஆட்சி தலைக்கு இவ்வளவு எனப் பணம் பெற்றுக்கொண்டு வெட்டாட்களை ஒப்பந்தத்தில் அனுப்பியது. தோட்டங்களுக்குள் ‘பத்தே’ எனப்படும் குடியிருப்புகளில் அவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்தனர். 1937 அக்டோபரில் அந்நாட்டுச் சர்வாதிகாரி துருஹியோவின் படையினர் எல்லைப் பகுதியில் பல்லாயிரம் ஹைட்டியரைக் கொன்றனர். 2013இல் டொமினிக்கன் அரசமைப்பு நீதிமன்றம், ஆவணமற்ற பெற்றோருக்கு 1929க்குப் பின் அங்கேயே பிறந்தவர்களின் குடியுரிமையைப் பறிக்கும் தீர்ப்பை வழங்கியது. பிறப்பின் பெயரால் மூன்று தலைமுறை உழைப்பாளர் நாடற்றோர் ஆயினர்.

உழவரின் எதிர்ப்பு

இவ்வரலாறு இழப்புகளின் பட்டியல் மட்டுமன்று. 1973இல் மத்தியப் பீடபூமியில் தொடங்கிய ‘பாப்பாய் உழவர் இயக்கம்’ மரம் நடுதல், விதைச் சேமிப்பு, கூட்டுறவு ஆகியவற்றின் வழியே வளர்ந்தது. சர்வாதிகாரம் வீழ்ந்த மறு ஆண்டு, 1987 ஜூலை 23 அன்று, வடமேற்கின் ழான்-ராபேலில் நிலவுரிமை கேட்ட உழவர் மீது நிலக்கிழார்களின் ஆட்கள் பாய்ந்தனர். 139 பேர் கொல்லப்பட்டனர் என உழவர் இயக்கங்கள் நினைவுகூர்கின்றன. அதே ஆண்டின் அரசமைப்புச் சட்டம் நிலச் சீர்திருத்த நிறுவனம் ஒன்றை அமைக்கப் பணித்தது. 1990களின் பிற்பகுதியில் அர்த்திபோனித்தில் குடும்பத்துக்கு ஏறக்குறைய அரை ஹெக்டேர் வீதம் நிலம் பங்கிடப்பட்டது. பணி பாதியில் நின்றது.

2010 ஜூனில், மான்சாண்டோ நிறுவனம் நிலநடுக்க உதவியாக அனுப்பிய வீரிய விதைகளை எதிர்த்து ஆயிரக்கணக்கான உழவர் ஈன்ஷ் நகரில் ஊர்வலம் சென்றனர். ஒவ்வோர் ஆண்டும் விலைக்கு வாங்க வேண்டிய விதையை ஏற்றால் சொந்த விதை அழியும் என்பது அவர்களின் வாதம். பன்றிகளை இழந்த அனுபவம் அவர்களுக்கு மறக்கவில்லை.

கராகோல் குடும்பங்கள் ‘ஷாபேர் நிலத்தில் பாதிக்கப்பட்ட உழவர் கூட்டமைப்பு’ என ஒன்றுசேர்ந்தன. 2017 ஜனவரியில் வளர்ச்சி வங்கியின் முறையீட்டு அமைப்பிடம் சென்றன. 2018 டிசம்பரில் வங்கியும் ஹைட்டி அரசும் அவர்களுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. மிகவும் நலிந்த குடும்பங்களுக்கு நிலம், மற்றவர்களுக்கு வேளாண் கருவி, சிறுதொழில் உதவி, பூங்காவில் வேலை ஆகியவை அதில் இடம்பெற்றன. நிறைவேற்றம் மெதுவாகவே நடந்தது. நிலத்துக்காக ஆண்டுகள் காத்திருந்தோர் உண்டு. ஆயினும் பட்டா இல்லாத உழவர், பன்னாட்டு வங்கியொன்றை எதிரே அமரவைத்து, நிலத்துக்கு நிலம் என்ற கொள்கையை எழுத்தில் ஏற்கச் செய்தனர். இது சிறிய வெற்றியன்று.

இன்றைய நிலையும் நமக்கான கேள்விகளும்

2021 ஜூலையில் குடியரசுத் தலைவர் மொயீஸ் படுகொலை செய்யப்பட்ட பின் ஆயுதக் குழுக்களின் ஆதிக்கம் தலைநகரைத் தாண்டி அர்த்திபோனித் வரை பரவியது. 2024 அக்டோபரில் அப்பள்ளத்தாக்கின் பொன்-சோந்தே ஊரில் 70க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உழவர் வயலுக்குச் செல்ல அஞ்சுகின்றனர். விளைபொருளை மலையிலிருந்து நகருக்குச் சுமந்து செல்லும் ‘மதாம் சாரா’ எனப்படும் வணிகப் பெண்கள் வழியெங்கும் ஆயுதக் குழுக்களுக்குக் கப்பம் கட்டுகின்றனர். நகரத்துச் சேரிகளில் துப்பாக்கி ஏந்தும் இளைஞர் பலர், அரிசியும் பன்றியும் நிலமும் இழந்து கிராமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. இன்றைய வன்முறையை இருநூறு ஆண்டு நில வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

இவ்வரலாற்றிலிருந்து, எந்த வளர்ச்சித் திட்டத்தையும் ஆராயும் மாணவருக்கும் செயற்பாட்டாளருக்கும் சில கேள்விகளை முன்வைக்கிறோம். அந்நிலத்தை இதுவரை உழுதவர் யார்? தாள் யாரிடம் உள்ளது? ‘அரசு நிலம்’ என்ற சொல் யாரை அப்புறப்படுத்தப் பயன்படுகிறது? முடிவெடுக்கும் முன் அவர்களின் மொழியில் அவர்களிடம் கேட்கப்பட்டதா? இழப்பீடு பணமா, நிலமா? நிறுவனம் வெளியேறிய பின் எஞ்சுவது என்ன? பெண்களின் உழைப்பும் சந்தையும் கணக்கில் வந்தனவா?

ஹைட்டியின் உழவர் இக்கேள்விகளை நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். அடிமைமுறையை உடைத்த அம்மக்கள் 1804இல் விரும்பியது தாமே உழுது தாமே உண்ணும் ஒரு துண்டு நிலம். அந்நிலத்துக்குரிய உரிமைச் சான்று பெரும்பாலோர் கையில் இன்னும் வந்து சேரவில்லை. லெ காய் மலைச்சரிவில் முதிராத வெட்டிவேரைத் தோண்டும் குடும்பத்தின் அவசரத்துக்கும் அதுவே தொடக்கம்.